கையில் இருப்பது என்ன? – வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஒரே கேள்விதான் பல குரல்களில் கேட்கிறது: கடவுள் என்னை எதற்காகப் படைத்தார், அதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். வயது 26. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மூன்று வாரத்துக்கு முன் இளையோர் தியானத்துக்குப் போனேன். இரண்டாம் நாள் இரவு ஆராதனையில் ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா’ என்று ஆண்டவர் என்னையே கூப்பிட்டது போல இருந்தது. அழுதுவிட்டேன். வேலையை விட்டுத் துறவற சபையில் சேரலாமா? அக்கா கல்யாணக் கடன் 3 லட்சம் பாக்கி இருக்கிறது. – வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, ராஜினாமா கடிதத்தை இப்போது எழுத வேண்டாம். நீங்கள் கேட்டது பொய் என்று சொல்லவில்லை. அது மெய்தானா என்று பார்க்க மூன்று வாரம் போதாது.

1521-இல் ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தார், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். லொயோலாவில் மாதக்கணக்கில் படுக்கை. பொழுதுபோக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுகளும்தான். படிக்காத நேரத்தில் இரண்டு வகைக் கனவு வந்தது. ஒன்று, பெரிய இடத்துச் சீமாட்டி ஒருத்தியின் மனத்தை வென்று பேர் வாங்குவது. இன்னொன்று, புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பது. நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. நினைத்து முடித்த பிறகு முதலாவது மனத்தை வறட்டியது. இரண்டாவது இனிப்பை விட்டுச் சென்றது. ‘தேர்ந்து தெளிதல்’ என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் படுக்கையில் அவர் கவனித்த வித்தியாசத்திலிருந்து வளர்ந்ததுதான். அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்ச் சீமை இது. உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நெல்லி வாயில் போட்டதும் துவர்க்கும், பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிக்கும். சர்க்கரை மிட்டாய் நேர்மாறு. உங்களுக்கு வந்த எண்ணம் எந்த வகை என்று பாருங்கள்.

அதற்கு 90 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, தினம் 15 நிமிடம். முதலில் அன்றைய நாளுக்கு நன்றி, பிறகு தூய ஆவியிடம் வெளிச்சம் கேளுங்கள், அன்று நடந்ததை மணி மணியாகத் திரும்பிப் பாருங்கள், தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு வேண்டுதல். முடித்ததும் இரண்டே வரி எழுதுங்கள்: எந்த நேரத்தில் மனம் கடவுளையும் மற்றவர்களையும் நோக்கி விரிந்தது, எந்த நேரத்தில் தனக்குள் சுருங்கியது. ஷிப்ட் மாறுவதால் கடிகார மணியைப் பிடிக்காதீர்கள். ‘படுக்கும் முன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்குப் படுத்தாலும் அதுதான் நேரம். இரவு ஷிப்ட் வாரங்களை ஓரத்தில் ‘இ’ என்று குறியுங்கள். தூக்கமில்லாத உடம்பின் சோர்வும் ஆன்ம வறட்சியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்தக் குறி இல்லாவிட்டால் பின்னால் பிரித்துப் பார்க்க முடியாது.

அறுபது நாள் ஆனதும், சபையில் சேர்வது என்று முடிவாகிவிட்டதாகவே வைத்துக்கொண்டு நான்கு நாள் இருங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். அடுத்த நான்கு நாள், இல்லறம், இதே வேலை என்று முடிவாகிவிட்டதாக இருங்கள். இரண்டின் பின்சுவையையும் எழுதுங்கள். அதன் பிறகு ஒரு தாளை நான்காக மடித்து, சேர்ந்தால் நன்மை, சேர்ந்தால் பாதகம், சேராவிட்டால் நன்மை, சேராவிட்டால் பாதகம் என்று நிரப்புங்கள். எந்தக் கட்டத்தில் வரிகள் அதிகம் என்று எண்ணாதீர்கள். எந்த வரி கனமாக இருக்கிறது என்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவன் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் இஞ்ஞாசியார் கொடுத்தவை. நாங்கள் ஒன்று சேர்க்கிறோம்: சம்பளம் இரட்டிப்பாகி, சூப்பர்வைசரும் நல்லவராக மாறிவிட்டால், இந்த அழைப்பு அப்போதும் இருக்குமா? வேலையிலிருந்து தப்பிப்பது அழைப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு அனுபவமுள்ள ஒரு குருவையோ அருள்சகோதரியையோ மாதம் ஒருமுறை பாருங்கள். உங்களைத் தங்கள் சபைக்கு எடுக்க ஆர்வம் காட்டாதவராக அவர் இருப்பது நல்லது. கடன் விஷயம் சின்னதல்ல. திருச்சபைச் சட்டம் 644, அடைக்க வழியில்லாத கடனோடு வருபவரை நவதுறவகத்தில் (துறவற சபையின் தொடக்கப் பயிற்சியில்) சேர்க்கக் கூடாது என்கிறது. ஆகவே 3 லட்சத்தை அடைப்பதும் உங்கள் அழைத்தலின் பாதையில்தான் இருக்கிறது. அழைப்பு உண்மையானதாக இருந்தால் அதுவரை காத்திருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் நோயுற்ற தாயைப் பார்க்கத்தான் அமெரிக்காவிலிருந்து வந்தார். தங்கும் எண்ணமே இல்லை. ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைக் கண்டபோது அழைப்பு வந்தது. மறுநாளே அவர் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடவில்லை. திரும்பிப் போய்ப் படித்து, 1899-இல் மருத்துவரானார். அதன் பிறகுதான் வேலூர்.

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். வயது 41. ஒன்றரை ஏக்கர் தக்காளி, இரண்டு கறவை மாடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். ‘ஒவ்வொருவருக்கும் கடவுள் தனித் திட்டம் வைத்திருக்கிறார்’ என்று மறையுரையில் கேட்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. சாணி அள்ளுவதுதான் எனக்கு அவர் வைத்த திட்டமா? – வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, குறை உங்களிடம் இல்லை, தனித் திட்டம் என்றதும் மேடையும் மைக்கும் மட்டும் நினைவுக்கு வரும்படி பேசுகிறவர்களிடம் இருக்கிறது. கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று விவிலியம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முதல் மனிதர் பெட்சலேல் (விடுதலைப் பயணம் 31). அவர் இறைவாக்கினரும் அல்ல, அரசரும் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்தவர். கல் வெட்டியவர், மரம் செதுக்கியவர். பவுல் கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லாவோடு கூடாரம் தைத்துப் பிழைத்தார். கைவேலை அவருடைய அழைத்தலுக்கு வெளியே நின்றதில்லை.

கடவுளை நேசி, அயலானை நேசி என்பது எல்லோருக்குமான அழைப்பு. அதை நீங்கள் தினமும் விடியற்காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறீர்கள். அதற்குள் உங்களுக்கென்று ஒரு வரம் இருக்கிறது. உரோமையர் 12-இல் பவுல் ஏழு வரங்களைச் சொல்கிறார்: இறைவாக்கு, தொண்டு, கற்பித்தல், ஊக்கமூட்டுதல், கொடுத்தல், தலைமை தாங்குதல், இரக்கம். உங்களுடையது எது என்று உட்கார்ந்து யோசித்தால் பிடிபடாது. ஊர் சொல்லும். அடுப்படிக் காலண்டரில் 30 நாள், நீங்கள் கூப்பிடாமல் யாராவது உங்களைத் தேடி வந்தால் அன்றைய தேதியில் ஒரு சொல் எழுதுங்கள். ‘மாட்டுக்குக் காய்ச்சல்’, ‘மருமகள் சண்டை’, ‘பேங்க் ஃபாரம்’, ‘கைமாத்து’ – எதுவானாலும். மாதக் கடைசியில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். அதனால் வந்தவருக்கு உண்மையில் பலன் கிடைத்ததா? செய்து முடித்தபோது உடம்பு அசந்திருந்தாலும் மனசு நிறைந்திருந்ததா? இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் உங்கள் வரம் இருக்கிறது. பிறகு வாரம் இரண்டு மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள்; அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

பயன்படாத எழுத்துகளும் காலண்டரில் இருக்கும். ஊரே வந்து கைமாத்துக் கேட்டால் அது உங்களுக்குக் கொடுக்கும் வரம் இருப்பதால் அல்ல, மறுக்கத் தெரியாததால் இருக்கலாம். மனசு நிறைந்ததா என்ற கேள்வி அதைக் காட்டிக்கொடுக்கும்.

சுமையையும் அழைப்பையும் ஒன்றாக்காதீர்கள். ஒரு வீட்டின் முழு வேலையும் ஒருத்தி தலையில் விழுவதைக் கடவுளின் சித்தம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மக்கள் வழக்கெல்லாம் காலை முதல் மாலை வரை தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து மாமனார் இத்திரோ, நீர் செய்வது நல்லதல்ல என்று சொல்லி வேலையைப் பகிர வைத்தார். மாமியாரைப் பார்த்துக்கொள்வதில் கொழுந்தனார், நாத்தனார் வீட்டுக்கும் மாதத்தில் சில நாள் பங்கு உண்டு. இதை உங்கள் வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாமியார் பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிப்பது அதில் அடக்கம்.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எனக்கு முன் இரண்டு குழந்தைகள் இறந்ததால், ‘இது பிழைத்தால் குருவாக்குகிறேன்’ என்று அம்மா நேர்ந்துகொண்டாராம். எனக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. மறுத்தால் வீட்டுக்குக் கெடுதல் வரும் என்கிறார்கள். – மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, கெடுதல் வராது. இதை உறுதியாகச் சொல்கிறோம். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1193. வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எந்த வற்புறுத்தலும் இல்லாதிருப்பது எல்லா விசுவாசிகளுக்கும் உள்ள உரிமை என்கிறது 219. குருப்பட்டத்துக்கு ஒருவரை எந்த வகையிலும் கட்டாயப்படுத்துவது முறையற்றது என்கிறது 1026. நீங்கள் பயத்தில் சேர்ந்தாலும் நல்ல குருமட அதிபர் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். அனுப்பாவிட்டால் இன்னும் மோசம்.

அம்மாவின் மனச்சுமை நிஜம். அதற்கும் வழி இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (1196). நேர்ந்தவரே அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளவும் முடியும் (1197). அம்மாவும் நீங்களும் சேர்ந்து போய்ப் பங்குத்தந்தையைப் பாருங்கள். ஒரு ஏழை மாணவனின் கல்விச் செலவை ஏற்பது போல ஏதாவது ஒன்றாக மாற்றலாம். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாமல், கோவிலில் பீடத்தின் முன் பங்குத்தந்தையோடு ஜெபித்து முடியுங்கள். இருபது வருடப் பயம் அப்படித்தான் இறங்கும்.

வீட்டில் அன்னா தன் மகன் சாமுவேலை ஆலயத்துக்குக் கொடுத்ததைச் சொல்வார்கள். அதைச் சொல்லும் சாமுவேல் முதல் நூலின் 3-ஆம் அதிகாரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். தாய் கொண்டுவந்து விட்ட பிள்ளையைக் கடவுள் தாமே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பையன் தன் வாயால் பதில் சொன்னான். உங்களை அவர் மாட்டுத் தொழுவத்துக்கே கூப்பிடலாம், கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் வீடுகள் உங்கள் ஊரைச் சுற்றிக் குறைவா? படிப்பு முடிந்த பிறகு குருத்துவ ஆசை தானாக வந்தால் அப்போதும் கதவு திறந்துதான் இருக்கும். குருப்பட்டத்துக்குக் குறைந்தபட்ச வயதே 25.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 61. இனிமேலா என் நோக்கத்தைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? – வாசகர், அரூர்

பதில்: பார்வோன் முன் நின்றபோது மோசேக்கு வயது 80. புதிதாக எதையும் தேடாதீர்கள், ஐயா. பழைய மாணவர்களில் இன்றும் உங்களைத் தேடி வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை வாரம் இரண்டு நாள், மூன்று மாதம் மட்டும் செய்து பாருங்கள். பங்குப் பேரவை, அன்பியம், பள்ளிக் குழு என்று கேட்ட பொறுப்பையெல்லாம் முதல் ஆண்டிலேயே ஏற்றுவிடுவதுதான் ஓய்வுபெற்றவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம்.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் ஒருவர் என் தலையில் கைவைத்து, ‘நீ வெளிநாட்டில் ஊழியம் செய்வாய்’ என்று இறைவாக்குச் சொன்னார். உறுதிப்படுத்தக் கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்தேன். ‘புறப்பட்டுச் செல்’ என்று வந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டுமா? – வாசகி, பர்கூர்

பதில்: பாஸ்போர்ட் எடுத்து வைப்பதில் தவறில்லை. அந்த இரண்டு அடையாளங்களை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். இறைவாக்குகளைப் புறக்கணிக்காதீர்கள் என்று தெசலோனிக்கருக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பாருங்கள் என்கிறார்.

விவிலியத்தைத் திறந்து விரல் வைப்பதற்கு அகுஸ்தினாரை உதாரணம் காட்டுவார்கள். 386-இல் மிலான் தோட்டத்தில் அவர் திறந்து படித்தது உண்மை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பல வருடங்களாகத் தெரியும்; செய்யத்தான் மனம் வரவில்லை. அந்த வசனம் அவருக்கு முடிவைச் சொல்லவில்லை, தெரிந்த முடிவை நோக்கித் தள்ளியது. கிதியோனும் அப்படித்தான், பணி என்ன என்று கடவுள் சொன்ன பிறகே அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலை விரித்தார். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்ட திருத்தூதர்கள், முதலில் தகுதியைச் சொல்லி இரண்டு பேராகக் குறைத்த பிறகே போட்டார்கள். தூய ஆவி இறங்கி வந்த பின் அவர்கள் சீட்டுப் போட்டதாக எங்கும் இல்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்டதை நான்கு வழியில் உரசிப் பாருங்கள். இதற்கு முன் உங்கள் ஜெபத்தில் இந்த ஆசையின் தடம் இருந்ததா? உங்களை நன்றாக அறிந்த மூன்று பேர், அதில் ஒருவராவது உங்களோடு அடிக்கடி மாறுபடுபவர், என்ன சொல்கிறார்கள்? மொழி, உடல்நலம், வீட்டுப் பொறுப்பு இடம் கொடுக்கிறதா? உள்ளூரில் இப்போது அந்தப் பணியைச் செய்கிறீர்களா? பர்கூரில் ஒரு நோயாளியைப் போய்ப் பார்க்காதவர் வெளிநாட்டில் போய்ப் பார்க்கப்போவதில்லை. ‘வீட்டில் சொல்லாதே’, ‘இன்றே முடிவெடு’, ‘காணிக்கை கட்டினால்தான் கதவு திறக்கும்’ – இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், அம்மா. பணம் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் ஜெபித்து, ஆலோசனை கேட்டு, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் மாலை நேர இலவச வகுப்பு தொடங்கினேன். 14 மாதம் ஆகிறது. 23 பிள்ளைகள் வந்த இடத்தில் இப்போது 6 பேர். ஜெபத்திலும் மனம் ஒட்டவில்லை. அழைப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டேனா? – வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: இந்த வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வறட்சிக் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் அசையாத விதி. வறட்சியில் ஆலோசனை சொல்வது பெரும்பாலும் தீய ஆவிதான் என்கிறார்.

வறட்சிக்கு அவர் மூன்று காரணம் காட்டுகிறார். ஜெபத்தில் நம் அசட்டை ஒன்று. ஆறுதல் கிடைக்காதபோதும் எவ்வளவு தூரம் நிற்போம் என்ற சோதனை இன்னொன்று. ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று உணர்த்துவது மூன்றாவது. உங்களுக்கு எது என்று பார்க்கும் முன் உடம்பைப் பாருங்கள். கடைசியாக எப்போது ஏழு மணி நேரம் தூங்கினீர்கள், வகுப்பு நாளில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, கடைசி பஸ்ஸை விடக்கூடாதே என்ற பதற்றத்தோடு எத்தனை நாள் பாடம் நடத்தினீர்கள்? இதிலேயே பாதி விடை இருக்கும். உடம்பில் குறையில்லை என்றால், ஜெப நேரத்தைக் குறைக்காமல் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அதுவும் அவர் சொன்ன வழிதான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல.

அன்னை தெரசாவுக்கு 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் ரயிலில் அழைப்பு வந்தது. மடத்தைவிட்டு வெளியே வர அனுமதி 1948-இல்தான் கிடைத்தது. பணி தொடங்கிய பின் பல பத்தாண்டுகள் ஜெபத்தில் இருளையே அவர் அனுபவித்தார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்த கடிதங்களால் தெரிந்தது. அழைப்பு சரியானது என்பதற்கு உள்ளத்து இனிப்பு மட்டுமே சாட்சி என்றால் அவர் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்து மாந்தோப்புக்காரர்களைக் கேளுங்கள்: ஒட்டு மாங்கன்று நட்ட முதல் மூன்று வருடம் பூ வந்தாலும் கிள்ளிவிடுவார்கள், வேரும் கிளையும் முதலில் தேறட்டும் என்று. பதினான்கு மாதக் கன்றில் காய் எண்ண வேண்டாம்.

ஆனாலும் கன்றைச் சோதிக்க ஒரு தேதி வேண்டும். தேதி இல்லாமல் ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று இழுப்பதும் தவறு. வரும் மே கடைசியை வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு தேவையில்லாத அளவுக்குப் பிள்ளைகளுக்கு வேறு வழி வந்திருக்கிறதா, உங்கள் உடம்போ குடும்பமோ தாங்காத நிலைக்குப் போயிருக்கிறதா, முன்பு உங்களோடு ஜெபித்து ஆலோசனை சொன்னவர்களே இப்போது வேறு சொல்கிறார்களா என்று அன்று பாருங்கள். இவற்றில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால், மனம் அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தில் நிறுத்த முடிவெடுக்கலாம். அதுவும் கீழ்ப்படிதல்தான்.

அதற்கு முன் நின்றுபோன 17 பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ‘ஏன் அனுப்பவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘எந்த நேரம் தோதுப்படும்’ என்று கேளுங்கள். மலைக் கிராமங்களில் யானை நடமாடும் மாதங்களில் இருட்டிய பிறகு யாரும் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். வகுப்பை மாலை ஆறரையிலிருந்து நாலரைக்கு மாற்றினால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள்.